நாலாவது மில்லிமீட்டர்

ஷிப்ட் இன்சார்ஜ் இரண்டிரண்டு படியாகத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தான். இடுப்பில் ரேடியோ இரைந்துகொண்டே வந்தது.

"சார், ஆசிட் வால்வுல யாரோ பூட்டுப் போட்டுட்டாங்க. சிவப்புப் பூட்டு. நாலு மணிக்குத் தொறக்கணும், மேனேஜர் இங்க வந்து நின்னுக்கிட்டுக் கேக்கறார்."

"யாரோட பூட்டுன்னு சீட்டு தொங்குமே. படிச்சுச் சொல்லு."

"படிச்சேன் சார்." குரல் கொஞ்சம் தயங்கியது. "உங்க அண்ணியோடது."

அவன் கால் ஒரு படியில் நின்று, மறுபடி ஓடியது.

மணி ஒன்று பத்து. நாற்பது நாள் மூடிக்கிடந்த ஆலை இன்றைக்குத்தான் மறுபடி மூச்சு விடப்போகிறது. புதுக் குழாய் வரிசைக்குள் நாலு மணிக்கு அமிலம் நுழைய வேண்டும். ஒருமுறை நுழைந்துவிட்டால் அப்புறம் பதினொரு மாதத்துக்கு நிறுத்தம் கிடையாது. இந்த நேரத்தில் பூட்டு.

ஆலைகளில் அந்தச் சின்னப் பூட்டுக்கு ஒரு மரியாதை உண்டு. போட்டவர் யாரோ அவர்தான் திறக்கலாம். சாவி அவர் சட்டைப் பையில் இருக்கும். பூட்டுக்கு அந்தப் பக்கம் ஓர் உயிர் இருக்கலாம் என்பதால் வந்த வழக்கம். முதலாளியே வந்தாலும் கை வைக்க முடியாது. உடைத்துத்தான் ஆகவேண்டுமென்றால் காரணம் எழுதி இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். ஒன்று மேனேஜர். இன்னொன்று ஷிப்ட் இன்சார்ஜ்.

மூன்றாவது தளத்தில், நாலு அங்குலக் குழாயின்மேல் துப்பாக்கியை அழுத்திப் பிடித்தபடி நின்றிருந்தாள் அண்ணி.

துப்பாக்கி என்றால் சுடுகிற துப்பாக்கி இல்லை. உருவம் மட்டும் அப்படி. உலோகத்தின்மேல் வைத்து விசையை அழுத்தினால் எக்ஸ்ரே பாய்ந்து, உள்ளே என்னென்ன எத்தனை சதவீதம் என்று பின்புறத்துச் சின்னத் திரையில் சொல்லிவிடும். அதைத் தூக்கிக்கொண்டு ஆலை முழுக்கச் சுற்றுவதால் எல்லோருக்கும் அவள் துப்பாக்கி மேடம். அவன் ஒருத்தனுக்குத்தான் அண்ணி. கூடப்பிறந்த அண்ணனின் மனைவி. வெல்டிங்கையெல்லாம் சரிபார்க்கும் இன்ஸ்பெக்‌ஷன் வேலை.

"என்ன அண்ணி இது?"

"இங்க மேடம்னு கூப்பிடுங்க தம்பி. ஆளுங்க சிரிக்கறாங்க."

சிரித்தது ஒரே ஒரு ஆள்தான். பிளாட்பாரத்தின் ஓரத்தில் சாய்ந்து நின்ற ஆபரேட்டர், குட்டி யானை. உடம்பைப் பார்த்து வைத்த பேர்.

"நீங்க பேசுங்க சார். குடும்ப விஷயம், நான் காதைப் பொத்திக்கறேன்" என்றான். பொத்தவில்லை.

"எதுக்குப் பூட்டு?"

அண்ணி குழாயின் ஒரு வெல்டிங் வளையத்தைத் தொட்டுக் காட்டினாள். "எண்பத்தேழாவது ஜாயின்ட். உள்வேர்ல, அதாவது முதல் சுத்து வெல்டிங்ல, தப்பான கம்பி உருகிப் போயிருக்கு. ஸ்டெயின்லெஸ் கம்பி. மேல மட்டும் சரியான கம்பி."

அவன் வளையத்தைப் பார்த்தான். மற்ற நூற்றுச்சொச்சம் வளையங்கள் மாதிரியே பளிச்சென்று இருந்தது. அடுத்துக் கீழே பார்த்தான். ஐந்தடி கீழே, நேர் கீழே, சாம்பிள் எடுக்கிற பிளாட்பாரம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் அவன் ஆட்களில் ஒருவர் அங்கே நின்று, குழாயைத் திறந்து, பாட்டிலில் அமிலம் பிடிக்க வேண்டும். பகல், ராத்திரி, பதினொரு மாதம்.

"துப்பாக்கி என்ன சொல்லுது?"

அவள் திரையைத் திருப்பினாள். நிக்கல் 57. மாலிப்டினம் 16. குரோமியம் 16. இரும்பு 5. டங்ஸ்டன் 4. அச்சுப் பிசகாத சி-276, இந்தக் குழாய்க்கே உரிய நிக்கல் கலவை.

"சரியாத்தானே இருக்கு."

"இது தோலை மட்டும்தான் பாக்கும் தம்பி. ஒரு முடி கனம். அதுக்குக் கீழ என்ன இருக்குன்னு இதுக்குத் தெரியாது."

"அப்ப உங்களுக்கு மட்டும் எப்படித் தெரியும்?"

அண்ணி துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "வெட்டிப் பாருங்க. பாத்தப்புறம் சொல்றேன்."

இந்த உலோகத்தின் அருமை அவனுக்குத் தெரியாததல்ல. ஒருமுறை வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அண்ணியே விளக்கியிருக்கிறாள். "நிக்கல்தான் வீட்டுப் பெரியவர். எல்லாரையும் சேத்துப் பிடிச்சு வெச்சிருப்பார். மாலிப்டினம் மூத்த மருமக. ஹைட்ரோகுளோரிக் ஆசிட் என்ன ஏசினாலும் காதுல வாங்க மாட்டா. குளோரின் மாதிரி சண்டைக்காரங்க வாசல்ல வந்து நின்னா சின்ன மருமக குரோமியம்தான் முன்னால போவா. ரெண்டு பேரும் இருந்தாத்தான் வீடு நிக்கும்." அண்ணன் குழம்பை ஊற்றிக்கொண்டே கேட்டான், "அப்ப இரும்பு?" "வீட்டோட மாப்பிள்ளை. அஞ்சு பங்குக்கு மேல இடம் கொடுத்தா வம்பு." அன்றைக்கு அண்ணனுக்குப் புரை ஏறியது.

அந்த வம்சம் பெரியது. ஒரு கிளை விமான எஞ்சினுக்குள் செக்கச்செவேலென்ற சூட்டில், இளகாமல், நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்றுச் சுற்றுகிறது. ஒரு கிளை கடலுக்கடியில் எண்ணெய்க் கிணற்றுக்குள் உப்புநீரோடு குடித்தனம் நடத்துகிறது. ஒன்று அனல் மின்நிலையத்தில் கந்தகப் புகையைக் கழுவுகிறது. இந்த ஆலைக்கு வாழ்க்கைப்பட்டு வந்த சி-276க்கு வாய்த்தது தொண்ணூறு டிகிரிச் சூட்டில் அமிலம், கூடவே கொசுறாகக் குளோரின். அதில் இந்த உலோகம் வருஷத்துக்கு ஒரு முடியளவு தேயும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை விட்டால் நாள்கணக்குத்தான். வெயிலில் வைத்த வெண்ணெய்.

ஆறு மில்லிமீட்டர் சுவர். உள்வேர் கரைந்துபோனால் மிச்சம் பாதிக்கு மேல் சொச்சம். அதுவும் கரைந்த பள்ளத்தில் அமிலம் தேங்கிக்கொண்டு, உள்ளிருந்து அழுத்திக்கொண்டு. மூன்று நாளோ முப்பது நாளோ. கீழே பாட்டிலோடு யாரோ ஒருவர்.

"என் தலை கொஞ்சம் பெருசு சார்" என்றான் குட்டி யானை, கீழே எட்டிப் பார்த்தபடி. "எங்க விழுந்தாலும் என்மேலதான் விழும்."

லிஃப்டுக்குக் காத்திராமல் படியிலேயே வந்து சேர்ந்தார் பிளான்ட் மேனேஜர். கடிகாரம் என்பது அவருக்கு முதுகுக்குப் பின்னால் உள்ள பேர். வாக்கியத்துக்கு ஒருமுறை மணிக்கட்டைப் பார்ப்பார்.

"மேடம், சாவி கொடுங்க."

"ஜாயின்டை வெட்டினப்புறம் தர்றேன் சார்."

"எந்த ஆதாரத்துல? வெல்டிங் எக்ஸ்ரே ஃபிலிம் ரிப்போர்ட் ஓகே. பிரஷர் டெஸ்ட் ஓகே. உங்க துப்பாக்கியே ஓகேங்குது. வெட்டித் திரும்ப ஒட்டி டெஸ்ட் பண்ணா ரெண்டு நாள். கனவுல ஏதாவது வந்துச்சா?"

"கனவு இல்ல சார். தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"வெட்டுங்க, சொல்றேன்."

கடிகாரம் கையோடு கொண்டுவந்திருந்த காகிதத்தை இன்சார்ஜிடம் நீட்டினார். பூட்டை உடைக்கும் படிவம். அவர் கையெழுத்து ஏற்கனவே போட்டிருந்தது.

"நீங்க போடுங்க. உறவுமுறையெல்லாம் கேட்டுக்கு வெளியே."

இன்சார்ஜ் பேனாவை வாங்கினான். அந்த நேரத்தில்தான் அவனுக்கு ஞாபகம் வந்தது.

அண்ணன்.

அண்ணன் இதே வேலையில் வெல்டர். இந்த வரிசையில் பாதி ஜாயின்ட் அவன் கைவேலை. எண்பத்தேழு யார் போட்டது? குழாயைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லை. நிக்கல் குழாயில் பெயின்டில் எழுதமாட்டார்கள். மையில் கந்தகம் இருந்து, மேலே வெல்டிங் சூடும் ஏறினால் உலோகம் வெடிப்பு விட்டுவிடும். டேப்பில் எழுதி ஒட்டுவார்கள். கழுவி முடித்தபோது டேப்பும் போய்விட்டது.

வேறு எப்படி ஒருத்திக்கு, வெளியே எந்த அடையாளமும் இல்லாத ஒரு தப்பு, நம்பரோடு தெரியும்? புருஷன் வீட்டில் வந்து சொல்லியிருக்க வேண்டும். அதனால்தான் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள். வெட்டினால் அண்ணன் மாட்டுவான். வேலை போகும், சர்டிபிகேட் போகும், இந்தத் தொழிலே போகும். கையெழுத்துப் போட்டால் அண்ணன் பிழைப்பான்.

அண்ணியைப் பார்த்தான். அவள் அவனைக் கெஞ்சவில்லை. முகத்தில் ஒன்றுமில்லை. அவள் பார்வை கீழே சாம்பிள் பிளாட்பாரத்தில் இருந்தது.

பேனாவை மூடிக் கொடுத்தான்.

"நாலு மணி வரைக்கும் டைம் இருக்குல்ல சார். முழுசா வெட்ட வேணாம். ஒரே எடத்துல, விரல் நகம் அளவுக்கு, கிரைண்டர் போட்டுத் தோண்டிப் பாப்போம். ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் துப்பாக்கி வைப்போம். ஒண்ணும் இல்லேன்னா குழியை ரொப்பிட்டுத் தொறக்கலாம். படிவத்துலயும் போட்டுத் தர்றேன்."

"எவ்வளவு ஆழம்?"

"மூணு" என்று சொல்ல வாயெடுத்தான். அண்ணி முந்திக்கொண்டாள். "நாலு."

"மூணு" என்றார் கடிகாரம். "மூணுக்கு மேல போனா அது ரிப்பேர் இல்ல, ஓட்டை. மூணோட நிறுத்தறீங்க."

கிரைண்டர்காரர் வந்தார். ஐம்பது வயது, எந்த நேரமும் உதட்டில் ஏதாவது ஒரு ராகம். பாட்டுக்காரர் என்றால்தான் திரும்புவார். டிஸ்க்கை மாட்டி, கண்ணாடியை இறக்கி, வளையத்தின்மேல் வைத்தார். மங்கலான சிவப்புப் பொறி குட்டையாகத் தெறித்தது. நிக்கலின் பொறி அப்படித்தான். கஞ்சன் வீட்டுப் பட்டாசு.

ஒரு மில்லிமீட்டர். துடைத்தார்கள். அண்ணி விசையை அழுத்தினாள்.

இரும்பு 19.

குட்டி யானை விசில் அடித்தான். இன்சார்ஜ் திரையையே பார்த்தான். வந்துவிட்டது. அண்ணன் போனான்.

"இல்ல" என்றாள் அண்ணி.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். ஜெயித்தவளே இல்லை என்கிறாளே.

"பாட்டுக்காரரே, இந்த டிஸ்க் காலையில எங்க ஓடுச்சு?"

பாட்டு நின்றது. அவர் டிஸ்க்கைத் திருப்பிப் பார்த்தார். "கீழ... சப்போர்ட் கம்பி ஒண்ணு அறுத்தேன்மா. சாதா இரும்பு."

"அந்த இரும்பை இதுமேல பூசிட்டீங்க. இது பொய்க் கணக்கு. புது டிஸ்க் பிரிங்க."

கடிகாரம் கையைக் கட்டிக்கொண்டார். "அப்ப இதுவரைக்கும் நடந்தது எல்லாம் வேஸ்ட். மணி ரெண்டு அம்பது."

அவள் நினைத்திருந்தால் அந்தப் பத்தொன்பதைக் காட்டியே அப்போதே வெட்ட வைத்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. அவள் அதைச் செய்யவில்லை என்பதை இன்சார்ஜ் கவனித்தான். அண்ணியின்மேல் அவனுக்கு இருந்த நம்பிக்கை அந்த இடத்தில்தான் கெட்டிப்பட்டது. கூடவே பயமும். இவள் சொன்னால் அது இருக்கும்.

உறை பிரித்துப் புது டிஸ்க் வந்தது. மேல்பூச்சை வழித்தெடுத்தார்கள். இரும்பு 5. சுத்தம்.

இரண்டு மில்லிமீட்டர். இரும்பு 5. நிக்கல் 57.

மூன்று மில்லிமீட்டர். ஆழமானியை மூன்று முறை வைத்துப் பார்த்தார்கள். மூன்றேதான். அண்ணி விசையை அழுத்தினாள். திரையில் எண்கள் உருண்டு நின்றன.

இரும்பு 6. நிக்கல் 56.

"அவ்வளவுதான்" என்றார் கடிகாரம். குரலில் கோபம்கூட இல்லை, களைப்புதான். "பாட்டுக்காரரே, மெஷினை இறக்குங்க. வெல்டரைக் கூப்பிட்டு ரொப்பச் சொல்லுங்க. மேடம், சாவி. தம்பி, நீங்க கையெழுத்து."

"அஞ்சு ஆறாயிருக்கு சார்" என்றாள் அண்ணி.

"ஒரு பாயின்ட் இப்படி அப்படி வரும். உங்க மெஷினோட பிழையே அவ்வளவு இருக்கும்."

"இருக்கும். இன்னும் ஒரே ஒரு மில்லிமீட்டர்."

"மூணுன்னுதான் பேச்சு."

பேச்சு அதுதான். இன்சார்ஜே ஒத்துக்கொண்ட பேச்சு. படிவம் அவன் கையில் மடித்திருந்தது. வியர்வையில் ஓரம் நைந்துபோயிருந்தது. போட்டுக்கொடுத்தால் எல்லாம் முடிந்தது. மேனேஜருக்கு நாலு மணி, அண்ணனுக்கு வேலை, அண்ணிக்கு ஒரு கெட்ட பேர், அதுவும் ஒரு வாரத்தில் மறந்துபோகும்.

"டேய் யானை" என்றான். "நாளைக்கு ராத்திரி ஷிப்டுல சாம்பிள் யாரு?"

"நான்தான் சார்."

"போவியா?"

குட்டி யானைக்கு எதற்கும் ஒரு ஜோக் இருக்கும். இப்போது இல்லை. குழியைப் பார்த்தான். "நீங்க கையெழுத்துப் போட்டா போவேன் சார். வேற என்ன பண்றது?"

இன்சார்ஜ் படிவத்தை நாலாக மடித்துப் பின்பாக்கெட்டில் வைத்தான்.

"பாட்டுக்காரரே, ஓட்டுங்க. ஓட்டையானா ஓட்டையாகட்டும். என் ஷிப்டு, என் பொறுப்பு. எழுதித் தர்றேன் சார், என்மேல ரிப்போர்ட் பண்ணிக்குங்க."

"யோசிச்சுப் பேசுங்க."

"யோசிச்சுட்டேன் சார்."

கிரைண்டர் மறுபடி அலறியது. அதே மங்கல் சிவப்பு. குட்டைப் பொறி. அதே கஞ்சத்தனம். பாட்டுக்காரர் பூப்பறிக்கிற மாதிரி தொட்டுத் தொட்டு எடுத்தார். மூன்றரை.

அப்போது பொறி மாறியது.

முதலில் ஒன்றிரண்டு. அப்புறம் ஒரு கொத்து. மஞ்சளாக, நீளமாக, சளசளவென்று. பாட்டுக்காரர் விசையை விட்டுவிட்டார். கண்ணாடியைத் தூக்கினார்.

"முப்பது வருஷமா இதைத்தாம்மா பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றார் மெதுவாக. "இது வேற ஆளு."

டிஸ்க்கை மாற்றினார்கள். யாரும் பேச்சுக்கு இடம் வைக்கவேண்டாம் என்று இன்னொரு புது உறையைக் கடிகாரமே தன் கையால் பிரித்தார். வழித்துத் துடைத்தபின் அண்ணி துப்பாக்கியை வைத்தாள். நாலாவது மில்லிமீட்டர்.

இரும்பு 46. நிக்கல் 27. மாலிப்டினம் 7.

"இன்னொருதரம்" என்றார் கடிகாரம்.

இரும்பு 47.

நாற்பது நாளில் முதல்முறையாக அவர் மணிக்கட்டைப் பார்க்காமல் ரேடியோவை எடுத்தார். "கன்ட்ரோல் ரூம். நாலு மணி கேன்சல். பம்பை நிறுத்து. ஆசிட்டைத் தொட்டியிலேயே வையி." பிறகு குழாயின்மேல் கையை ஊன்றிக் குனிந்தார். கீழே பிளாட்பாரத்தை இப்போதுதான் அவரும் பார்த்தார்.

குட்டி யானை தன் தலையைத் தடவிக்கொண்டான்.

"யாரு போட்டது இதை?" என்று கேட்டார் கடிகாரம்.

இன்சார்ஜ் குழாயைப் பிடித்துக்கொண்டான்.

"பத்து நாளைக்கு முன்னால வேலையை விட்டுட்டுப் போனவர்" என்றாள் அண்ணி. "வேணும்னு பண்ணல சார். ரெண்டு கம்பியும் பாக்க ஒண்ணுபோல இருக்கும். முதல் சுத்துக்கு மாத்தி எடுத்துட்டார். அடுத்த சுத்துக்குச் சரியான கம்பி கைக்கு வந்துடுச்சு. அவருக்கே தெரிஞ்சிருக்காது."

அண்ணன் இல்லை. இன்சார்ஜ் குழாயிலிருந்து கையை எடுத்தான். அதை யாரும் பார்க்கவில்லை, அண்ணியைத் தவிர.

"உங்க அண்ணன்னு நினைச்சீங்களா தம்பி?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"நினைச்சுக்கிட்டுத்தான் கையெழுத்துப் போடாம நின்னீங்களா?" அவள் துப்பாக்கியை மறுபடி தோளில் மாட்டிக்கொண்டாள். "காலையில பட்டறையில வேற ஒரு ஜாயின்ட்ல உங்க அண்ணனும் இதே மாதிரி கம்பியை மாத்திட்டார். ஆனா பாதியிலயே கவனிச்சு, அவரே வந்து சொல்லிட்டார். வெட்டிப் போடறதுக்கு முன்னால எப்படித்தான் தெரியுதுன்னு பாக்க ஒரு எக்ஸ்ரே ஃபிலிம் எடுத்தேன். வேர் நெடுக ஒரு கருப்புப் பட்டை. ஸ்டெயின்லெஸ் இலேசான உலோகம், எக்ஸ்ரே அதுல சுலபமாப் பாயும். அதனால ஃபிலிம்ல கருப்பா விழும். வேர் உள்பக்கம் கொஞ்சம் குழிஞ்சிருந்தாலும் அதே கருப்புதான். குழிவு இருந்தா தப்பில்ல, விட்டுடுவாங்க. அந்தப் பட்டையைப் பாத்ததும் எண்பத்தேழு ஞாபகம் வந்துச்சு. பழைய ஃபிலிமைத் தேடி எடுத்தேன். அதே பட்டை. ரிப்போர்ட்ல 'உள்குழிவு, ஏற்கத்தக்கது'ன்னு எழுதியிருக்கு."

"எவன் எழுதினது?" கடிகாரத்துக்கு இப்போதுதான் கோபம் வந்தது. "ஃபிலிம் படிக்கத் தெரியாத ஆளையெல்லாம் யாரு உள்ள விட்டது? காலையிலயே சொல்லியிருந்தா அந்த ஆளை அப்பவே கேட்டுக்கு வெளியே அனுப்பிட்டு, வேற ஒருத்தரை வெச்சு இன்னொரு கையெழுத்து வாங்கி..."

அவர் பாதியில் நிறுத்தினார்.

"வாங்கி நாலு மணிக்குத் தொறந்திருப்பீங்க சார்" என்று அண்ணி முடித்துவைத்தாள். "புதுசா வர்றவரும் குழிவுன்னுதான் சொல்லியிருப்பார். ஃபிலிம் அப்படித்தான் இருக்கு. அந்த ஆள் கேட்டுக்கு வெளியே நின்னுக்கிட்டு எப்படிப் பூட்டுப் போட முடியும்? அதனாலதான் சொல்லல."

சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துக் கடிகாரத்தின் கையில் வைத்தாள். கூடவே நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து இன்சார்ஜிடம் நீட்டினாள்.

அவன் பிரித்தான். ஜாயின்ட் 87. சுவர் 6 மி.மீ. உள்குழிவு, ஏற்கத்தக்கது. அதன் கீழே நீல மையில், வலப்பக்கம் சாய்ந்த கையெழுத்து. அண்ணன் மகளின் மதிப்பெண் அட்டையில் மாதாமாதம் அவன் பார்க்கிற கையெழுத்து. அண்ணியுடையது.